அசனாவின் கறுப்புச் சுண்டுவிரல்

மூதூருக்குப் புதிதாக வருகிறவர்கள் அசனாவின் கையைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "என்ன ராத்தா, கையில தார் பட்டுட்டா?" அசனா பதில் சொல்லமாட்டாள். பதில் சொன்னால் கதை நீளும், கதை நீண்டால் அடுப்பிலிருக்கிற மருந்து அடிப்பிடித்துவிடும். தார் எது, மருந்து எது என்று தெரியாத ஆட்களுக்கு எதற்கு விளக்கம் என்ற எரிச்சலும் அவளுக்கு உண்டு.

இந்தக் கதை நடந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கணவர் ஆதம்பாவா, மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையில் ஓடுகிற லாஞ்சியில் சுக்கான் பிடிக்கிறவர். கொட்டியாரக் குடாவில் எவ்வளவு அலை அடித்தாலும் அசையாத மனிதர், வீட்டில் அசனா குரலை உயர்த்தினால் மட்டும் கிணற்றடிப் பக்கம் போய்விடுவார். அசனா பல்லுத்தூள் இடிப்பாள். வாய்ப்புண்ணுக்குத் தூள், வயிற்றால் போனால் குடிக்கத் தூள், ஆறாத புண்ணைக் கழுவப் பட்டைத் தண்ணீர் எல்லாம் அவளிடம் கிடைக்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுடைய உம்மாவுக்குச் சுக்கையும் மஞ்சளையும் அடையாளம் தெரிந்ததே பெரிய காரியம்.

கலியாணம் முடித்த புதிதில் ஆதம்பாவாவின் குதிக்காலை மட்டிச் சிப்பி வெட்டிவிட்டது. தினமும் உப்புத் தண்ணீரில் நிற்கிற கால், புண் காயவே இல்லை. சம்பூர்ப் பக்கத்திலிருந்து லாஞ்சிக்கு வருகிற ஒருவர், ஆற்றங்கரை மருத மரத்தின் பட்டையை அவித்துக் கழுவச் சொன்னார். ஒரு கிழமையில் புண் காய்ந்தது. வேறு பெண்ணாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவி வைத்திருப்பாள். அசனா அந்தப் பட்டையை எடுத்து வாயில் போட்டு மென்றாள். நாக்கு சுருங்கியது, கன்னம் இரண்டும் உள்ளே இழுத்தன.

அதோடு அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது என்றே சொல்லவேண்டும். கடற்கரைப் பற்றைகளில் மஞ்சளாகப் பூத்துக்கிடக்கும் ஆவரையின் பட்டை, நாவல் பட்டை, நெல்லி, விளாம்பிஞ்சு, பட்டணத்துக் கடையில் வாங்கின கடுக்காய், ஏன், சீனி போடாத சாயத் தேத்தண்ணி கூட, எல்லாவற்றையும் மென்றும் குடித்தும் பார்த்தாள். நாக்கைச் சுருட்டுகிற சாமான் எதுவோ அது புண்ணைக் காயவைத்தது, பல் ஆடுகிற முரசை இறுக்கியது, வயிற்றுப் போக்கை நிறுத்தியது. அப்படியென்றால் இத்தனை மரத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிற சாமான் ஒன்றுதான் என்று அவள் முடிவு கட்டினாள். அதற்கு அவள் வைத்த பெயர் துவர்ப்பு. இதைப் பற்றிக் கதைக்க அவளுக்கு ஆள் இல்லை. ஆதம்பாவாவிடம் சொன்னால், "ஓம் ஓம்" என்று சோற்றைப் பிசைவார்.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனது. போகிறபோது விட்டுப்போன பழைய இரும்பெல்லாம் ஊருக்குள் வந்தது. ஆதம்பாவாவும் தன் பங்குக்குக் கப்பலின் ஏதோ ஒரு தடித்த குழாயின் அடித்துண்டை லாஞ்சியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "இந்தா, உனக்கு உரல்" என்றார். அசனாவுக்கு அவர் வாங்கித் தந்த சாமான்களில் இதுவரை பிடித்தது அது ஒன்றுதான். மரவுரலில் அரை நாள் இடிக்கிற கடுக்காய் இதில் ஒரு மணித்தியாலத்தில் மாவாகியது. ஆனால் அன்றைக்கே கை கறுத்தது. வலக்கை உலக்கையைப் பிடிக்கும், இடக்கை ஈரத் தூளைத் தள்ளிவிடும். அதனால் இடது கைதான் கூடக் கறுப்பு, அதிலும் சுண்டுவிரல் படுகறுப்பு. சவுக்காரம் போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை.

அசனா பயப்படவில்லை, யோசித்தாள். துருப்பிடித்த ஆணி ஒன்றைப் பட்டைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் மை போலக் கறுத்தது. வேப்பிலைத் தண்ணீரில் போட்டாள், அந்தளவு கறுக்கவில்லை. அன்றிலிருந்து ஆணிதான் அவளுடைய தராசு. எந்தத் தண்ணீர் நன்றாகக் கறுக்கிறதோ அதில் துவர்ப்பு அதிகம். பட்டணத்தில் மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்த மஹ்ரூப், அவள் கடையில் ஏறினாலே கையைக் கூப்புவார். "ராத்தா, நல்ல கடுக்காய் உள்ளுக்கு இருக்கு, எடுத்துத் தாறன். அல்லாஹ்வுக்காக அந்த ஆணியை மட்டும் வெளியில எடுக்காதீங்க, ஆக்கள் பாக்கிறாங்க!"

கறுப்பை எடுக்கிற வழியையும் அவளே கண்டுபிடித்தாள். மீனுக்குத் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிந்த ஒருநாள், சாறு பட்ட இடமெல்லாம் விரல் வெளுத்தது. ஆனாலும் அவள் தேசிக்காயை வீணாக்குவதில்லை. நாளைக்கும் கறுக்கப் போகிற கைக்கு இன்றைக்கு எதற்கு அலங்காரம் என்பாள்.

இனி அவளுடைய வோட்டுக் கதைக்கு வருவோம். அறுபதாம் ஆண்டுத் தேர்தலில் அவள் பகல் சமையலை முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கிருந்த எழுதுவினைஞர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீங்கள் காலையிலேயே வந்து போட்டுட்டுப் போய்ட்டீங்களே" என்றார். முக்காடு போட்டுக்கொண்டு யாரோ வந்து அவளுடைய பெயரில் வாக்குச்சீட்டில் புள்ளடி போட்டுவிட்டுப் போயிருந்தாள். அசனா இல்லை இல்லை என்று சொல்லிச் சுண்டுவிரலையும் காட்டிப் பார்த்தாள், ஆனால் அந்தக் கறுப்பில் வோட்டு மை இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? வேட்பாளர் ஒருவருக்கு ஏஜன்டாக அங்கே இருந்த அன்ஸார், "ராத்தா மறந்திட்டாவாக்கும்" என்றான். அந்த இடமே சிரித்தது. வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். மனுசி தன் வாழ்க்கையில் அழுதது குறைவு, அதனால் அந்தச் சிரிப்பு ஐந்து வருடமாக அவள் காதில் இருந்தது.

அன்ஸார் கெட்டவன் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர், முப்பது வயது, சட்டைப் பையில் எப்போதும் பேனை. சீசாவில் அடைத்து லேபல் ஒட்டியிருந்தால்தான் அவனுக்கு அது மருந்து. அசனாவின் தூளை அவன் "மரத்தூள்" என்பான். தன் வீட்டுக்குள் அது வரக்கூடாது என்று மனைவி ஸாலிஹாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

அறுபத்தைந்தாம் ஆண்டு, பங்குனி மாதம். அடுத்த தேர்தல் வந்தது. இந்த முறை தன் வோட்டைத் தானே போடுவது என்று அசனா கங்கணம் கட்டிக்கொண்டாள். மூன்று நாளாக உரலைத் தொடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் இருந்த தூளைக் கொடுத்து டப்பாக்கள் வெறுமையாகிவிட்டன. தேர்தலுக்கு முதல் நாள் பின்னேரம், வீட்டிலிருந்த தேசிக்காய் முழுவதையும் பிழிந்து கையைத் தேய்த்தாள். ஆதம்பாவா அந்தக் கையைப் பார்த்து, "அட, இது என்ட பொஞ்சாதிட கைதானா?" என்றார். அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு அவள் புறப்பட ஆயத்தமாகிறபோது படலையடியில் ஸாலிஹா நின்றாள். தோளில் நான்கு வயது மகள் றஹ்மா வாடிப்போய்க் கிடந்தாள்.

"மாமி, விடியச் சாமத்திலருந்து வயித்தால போகுது. ஆறு தரம் போய்ட்டு. அவர் வோட்டு வேலையெண்டு அதுக்கு முந்தியே இருட்டோட போயிட்டார். கொஞ்சம் தூள் தாங்க மாமி."

டப்பாவில் ஒரு சிட்டிகை கூட இல்லை. அசனா குழந்தையின் நாக்கையும் கண்ணையும் பார்த்தாள். பிறகு தன் வெளுத்த கையைப் பார்த்தாள். யோசித்தாள் என்று சொன்னால் பொய். உரலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கடுக்காய்த் தோலும் மாதுளம் ஓடும் ஆவரம் பட்டையும் உரலில் விழுந்தன. அளவாகத் தூளை எடுத்துக் காய்ச்சி ஆறவைத்து வடித்தாள். றஹ்மா முகத்தைச் சுளித்துக் குடித்ததில் கொஞ்சம் வழிந்து அவளுடைய வெள்ளைச் சட்டை நெஞ்சில் கறுப்பாகச் சொட்டியது. "கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டு அடிக்கடி பருக்கு. மத்தியானம் லுஹருக்கு முந்தி நிக்கல்லயெண்டா ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு, என்னைப் பாத்துட்டு நிக்காத" என்றாள் அசனா.

ஸாலிஹா தயங்கினாள். "மாமி, அவருக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா ஏசுவார்."

"என்ட வாயிலருந்து ஒருத்தர்ட வருத்தமும் வெளியில போனதில்ல. நீ போ."

ஸாலிஹா போன பிறகுதான் அசனா கையைப் பார்த்தாள். இடது கை மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு. வீட்டில் ஒரு தேசிக்காய் கூட இல்லை. தேடிப் போகலாம், ஆனால் அதற்குள் இன்னொருத்தி முக்காடு போட்டுக்கொண்டு வந்துவிட்டால்? ஏழு மணிக்கு வாக்கெடுப்புத் தொடங்கிவிடும். சவுக்காரத்தால் இரண்டு தரம் தேய்த்துவிட்டு, சேலைத் தலைப்புக்குள் கையைச் சுருட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசை அவ்வளவு நீளமில்லை. அவளுடைய முறை வந்தது. பெயரை வாசித்தார்கள். அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் கோடு இல்லை. அசனாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அப்போது மேசையிலிருந்த பெண் எழுதுவினைஞர், "இடது கையைக் காட்டுங்கோ" என்றார். ஏற்கெனவே வோட்டுப் போட்டவர்களுக்குச் சுண்டுவிரலில் அழியாத மை பூசியிருக்கும், அதைப் பார்க்கத்தான். அசனா கையை நீட்டினாள்.

எழுதுவினைஞர் பின்னால் சாய்ந்தார். இந்த முறையும் ஏஜன்டாக மூலை வாங்கில் உட்கார்ந்திருந்த அன்ஸார் எழும்பினான்.

"மாஸ்டர், இஞ்ச பாருங்க! மை தெரியாம இருக்க கையெல்லாம் கறுப்புப் பூசிட்டு வந்திருக்கிறா. இவ எங்கயோ ஒருக்காப் போட்டுட்டு ரெண்டாந்தரம் வந்திருக்கிறா."

வாக்குச்சாவடிக்குப் பொறுப்பாக வந்திருந்தவர் யோகராசா மாஸ்டர். திருகோணமலைப் பட்டணத்தில் பெரிய வகுப்புகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறவர். முதல் நாள் ஆதம்பாவாவின் லாஞ்சியில்தான் வாக்குப்பெட்டிகளோடு வந்து இறங்கினார், வழிநெடுக வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்துக்கொண்டு. அவர் கண்ணாடியைச் சரிசெய்து அசனாவின் விரலைப் பார்த்தார்.

"அம்மா, விரலில மை இல்லையெண்டு நான் கண்ணால பாக்கவேணும். இந்தக் கறுப்புக்குள்ள பாக்க ஏலாது. பாக்காமல் சீட்டுத் தந்தால் நான் செய்யிறது பிழை. இது என்ன கறுப்பு?"

"மருந்து இடிச்ச கறுப்பு."

"தேர்தல் நாளில காலமையே ஏன் இடிச்சனீங்கள்?"

"ஒரு புள்ளைக்கு வயித்தால போய்ட்டு."

"ஆர்ட புள்ளை?" என்று அன்ஸார் குறுக்கே விழுந்தான். "பேரைச் சொல்லச் சொல்லுங்க மாஸ்டர். ஆள் அனுப்பி விசாரிப்பம்."

அசனா அவனை நிமிர்ந்து பார்த்தாள். நாக்கு நுனியில் பெயர் நின்றது. மூன்று எழுத்தைச் சொன்னால் போதும், அந்தச் சட்டைப்பைப் பேனை கூட வெட்கப்பட்டிருக்கும். ஆனால் அவள் சொல்லவில்லை.

"மருந்து ஆருக்குக் குடுத்தன் எண்டு நான் சொல்றல்ல."

"பாத்தீங்களா, புள்ளையும் இல்ல, மருந்தும் இல்ல!" என்றான் அன்ஸார். வாசலில் நின்ற பொலிஸ்காரர் ஓரடி உள்ளே வைத்தார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அசனாவுக்குப் பழக்கமான சிரிப்பு. கள்ளவோட்டுக்காரி என்று பெயர் வந்தால் நாளைக்கு யார் அவள் கையால் மருந்து வாங்கிக் குடிப்பார்கள்? அவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர், ஒரு தேசிக்காய் எடுத்துத் தாங்க. உங்கட முன்னால இந்தக் கறுப்பை எடுத்துக் காட்டுறன். உள்ளுக்கு மை இருந்தா என்னைப் பொலிசில குடுங்க."

"தேசிக்காய் போட்டா எந்த மையும்தான் போகும்!" என்று அன்ஸார் கத்தினான். "சாட்சியை அழிக்கப் பாக்கிறா மாஸ்டர்!"

யோகராசா மாஸ்டரின் முகம் மாறியது. 'வாதாடாதே, செய்து பார்' என்று இருபது வருடமாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது தேர்தல் சாவடிக்குள் தானாக வந்து நிற்கிறது. மனிதருக்கு முதல் நாள் எடுத்த சத்தியெல்லாம் மறந்துபோயிருக்கவேண்டும்.

"அப்ப அதையும் பாத்திடுவம். தம்பி, நீங்கள் வோட்டுப் போட்டிட்டீங்களோ?"

"ஓம், ஏழு மணிக்கே."

"நல்லது. வாங்கோ, விரலை நீட்டுங்கோ."

வாசலுக்கு எதிரே சர்பத் விற்றவரிடமிருந்து பொலிஸ்காரர் தேசிக்காய் வாங்கி வந்தார். மாஸ்டர் பென்சில் சீவுகிற கத்தியால் அதைச் சரிபாதியாக வெட்டினார். ஒரு பாதி அன்ஸாருக்கு, மறு பாதி அசனாவுக்கு. "ரெண்டு பேரும் தேயுங்கோ. மை போகுதோ, மருந்து போகுதோ பாப்பம்."

அன்ஸாரின் விரலில் எங்கேயோ கீறல் இருந்திருக்கிறது. சாறு பட்டதும் "ஸ்ஸ்" என்று துள்ளினான். மருதம் பட்டைத் தண்ணியில கழுவுங்க தம்பி என்று அசனாவின் வாய்வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டாள். அன்ஸார் எவ்வளவு தேய்த்தும் மை அப்படியே கிடந்தது. அசனாவின் விரலில் கறுப்பு மண்ணிறமாகியது, மண்ணிறம் மங்கியது, பிறகு அவளுடைய சொந்தத் தோல் வெளியே வந்தது.

"நகத்துக்குள்ள கிடக்கு!" என்றான் அன்ஸார், கடைசி முயற்சியாக.

அசனா மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை முறித்து, சாற்றில் தோய்த்து நகக்கண்ணைச் சுரண்டினாள். அதுவும் போனது. சுண்டுவிரலை மாஸ்டரின் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தாள். அதில் மையென்று ஒரு புள்ளி இல்லை. வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டாத குறை.

"சீட்டைக் குடுங்கோ" என்றார் மாஸ்டர். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மா, நீங்கள் இரும்பு உரலிலதானே இடிக்கிறனீங்கள்? உங்கட பட்டையில தனின் எண்டு ஒண்டு இருக்கு. அது இரும்போட சேர்ந்தால் கறுப்பு. முந்தி எழுதிற மையே அப்பிடித்தான் செய்தவை. தேசிக்காய்ப் புளி இரும்பைப் பிடிச்சு இழுக்கும், கறுப்புப் போயிடும். வோட்டு மை வேற, அது வெள்ளியுப்பு."

அசனா சீட்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். "மாஸ்டர், அந்தச் சாமான் மருதிலயும் கடுக்காயிலயும் ஆவரையிலயும் ஒண்டுதானா?"

"ஒரு குடும்பம். கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். நாக்கைச் சுருட்டிறதும் அதுதான், புண்ணின்ர மேல தோல் மாதிரிப் படலம் கட்டிறதும் அதுதான்."

"நான் அதைத் துவர்ப்பு எண்டு சொல்றனான்."

"பேர்தான் வேற."

பதினைந்து வருடமாகத் தனக்குள்ளேயே வைத்திருந்த ஒன்றை, படித்த மனிதர் ஒருவர் ஓம் என்று சொல்லிவிட்டார். வோட்டு கிடைத்ததைவிட அதுதான் அவளுக்குப் பெரிய சந்தோசம். இன்னும் நூறு கேள்வி கேட்டிருப்பாள். "ராத்தா, பள்ளிக்கூடம் நடத்தாம புள்ளடியைப் போடுங்க, வெயில் ஏறுது!" என்று வரிசை சத்தம் போட்டது. அசனா மறைப்புக்குள் போய்ப் புள்ளடி போட்டாள். யாருக்கு என்று ஆதம்பாவாவிடம் கூடக் கடைசிவரை சொல்லவில்லை.

அன்று பின்னேரம் ஸாலிஹா வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "நிண்டுட்டு மாமி, கஞ்சி குடிச்சுட்டு விளையாடுறா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

மறுநாள் காலை அசனா உரலடியில் இருந்தாள். மூன்று நாள் வேலை குவிந்து கிடந்தது. படலையைத் திறந்துகொண்டு அன்ஸார் வந்தான். கையில் பன்புல்லால் பின்னிய ஒரு பை, அது நிறையத் தேசிக்காய். அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றான். சட்டைப்பையில் பேனை இல்லை.

"எதுக்குத் தம்பி இது?"

"றஹ்மாட சட்டையில கறுப்புச் சொட்டுக் கிடந்திச்சு. ஸாலிஹா பேனை மை எண்டாள்." அவன் தேசிக்காய்ப் பையைத் தொட்டான். "நான் தேசிக்காய் போட்டுப் பாத்தன், ராத்தா. போயிட்டு."

அசனா நிமிர்ந்தாள். உலக்கை தூக்கின கை அப்படியே நின்றது.

"நேத்து ஒரு சொல் சொல்லியிருந்தா நான் வாயை மூடியிருப்பனே. ஏன் சொல்லல்ல?"

"உன்ட புள்ளைட வருத்தத்தை ஊருக்குச் சொன்னா, நாளைக்கு ஆரு என்ட வாசலுக்கு வருவா?" என்றாள் அசனா. பிறகு திடீரென்று சந்தேகம் வந்தது. "டேய், சட்டைக்குத்தானே தேய்ச்ச, புள்ளைக்குத் தேய்க்கல்லயே? பச்சைத் தோல், எரியும்டா!"

"சட்டைக்குத்தான் ராத்தா."

அவன் போகவில்லை. வோட்டு மை அப்படியே இருந்த தன் சுண்டுவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு குந்தினான். "உலக்கையைத் தாங்க. நான் இடிக்கிறன்."

அசனா வேண்டாம் என்று சொல்லவில்லை, அவளுக்குத் தோள் நோவு உண்மையிலேயே இருந்தது. சங்கக்கடை திறக்கிற நேரம் வரைக்கும் அவன் இடித்தான். தேசிக்காய்ப் பை பக்கத்திலேயே இருந்தும் ஒன்றைக் கூட எடுத்துக் கையில் தேய்க்காமல் எழும்பிப் போனான்.

மத்தியானம் சாப்பிட வந்த ஆதம்பாவா சோற்றைப் பிசையாமல் சிரித்துக்கொண்டே இருந்தார். சங்கக்கடையில் சீனி வாங்கப் போனாராம். முன்னால் நின்ற ஒருவர் அன்ஸாரின் இரண்டு கையையும் பார்த்துவிட்டு, "என்ன மனேச்சர், தார் பட்டுட்டா?" என்று கேட்டாராம்.

"அவன் என்ன சொன்னான்?" என்றாள் அசனா.

"கடை முழுக்கக் கேக்கச் சொன்னான், 'தார் இல்ல, மருந்து. என்ட மகள்ட மருந்து' எண்டு."

அசனா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு மீன் துண்டை எடுத்து வைத்தாள்.